கணினி முழங்காலும் மெய்யான முழங்காலும்

முழங்கால் மூட்டு கதவுக் கீலைப் போல ஒற்றை அச்சில் திரும்பும் அமைப்பு அல்ல. கீழ்க்கால் எலும்பு தொடை எலும்புக்குக் கீழே மடங்குகிறது. கூடவே உள்ளும் வெளியுமாகத் திருகுகிறது, பக்கவாட்டில் சற்றுச் சாய்கிறது. முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் சில மில்லிமீட்டர் நகரவும் செய்கிறது. மூன்று சுழற்சி, மூன்று நகர்ச்சி என ஆறு வகை அசைவுகள். காலை முழுவதும் நீட்டும்போது கடைசி 15, 20 பாகைக்குள் கீழ்க்கால் தானாகவே வெளிப்புறம் திரும்பி மூட்டை இறுக்கிக்கொள்கிறது. யாரும் நினைத்துச் செய்வதில்லை. எலும்பு முனைகளின் வளைவும் தசைநார்களின் இழுவிசையும் சேர்ந்து செய்யும் வேலை அது.

இந்த மூட்டைக் கட்டிப்பிடித்திருப்பவை நான்கு பெரிய தசைநார்கள். நடுவில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்பவை முன்சிலுவைத் தசைநாரும் பின்சிலுவைத் தசைநாரும். விளையாட்டுப் பக்கங்களில் ஏ.சி.எல். என்று அடிபடும் பெயர் முன்சிலுவைத் தசைநாருடையது. உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாகப் பக்கத் தசைநார்கள் இரண்டு. எலும்புகளுக்கு இடையில் பிறை வடிவில் இரண்டு மெனிஸ்கஸ்கள், எலும்பு முனைகளை மூடிய வழுவழுப்பான குருத்தெலும்பு, முன்னால் முழங்கால் சில்லு.

ஒருவர் மாடிப்படி இறங்கும்போது இவற்றில் எது எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்பதை வெளியிலிருந்து அளக்க வழியில்லை. தரையில் பதித்த விசைத்தட்டு பாதத்தின் அழுத்தத்தைச் சொல்லும். கேமராக்கள் காலின் அசைவைச் சொல்லும். மூட்டுக்குள் நடப்பதைக் கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும். அந்தக் கணக்கிலும் சிக்கல் உண்டு. முழங்காலைக் கடந்து செல்லும் தசைகளின் எண்ணிக்கை, இயக்கச் சமன்பாடுகளின் எண்ணிக்கையைவிட அதிகம். எனவே ஒரே அசைவுக்குப் பல விடைகள் பொருந்தும். ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. மோரிசன் தசைகளைச் சில தொகுதிகளாகச் சுருக்கி இந்தக் கணக்கைப் போட்டார். சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் இறங்கும் உச்ச விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு, சராசரியாக ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 1970இல் வெளியிட்டார். பிற்பாடு வந்த சில கணக்குகள் இதைவிட மிக உயர்ந்த எண்களைத் தந்தன. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல அப்போது அளவீடு எதுவும் இல்லை.

இன்றைய கணினி மாதிரிகள் அந்தக் கணக்கின் வழித்தோன்றல்கள். ஒருவரின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து எலும்பு, குருத்தெலும்பு, மெனிஸ்கஸ் ஆகியவற்றின் வடிவம் எடுக்கப்படுகிறது. தசைநார்கள் சில மாதிரிகளில் சுருள்வில் கற்றைகளாகவும், வேறு சிலவற்றில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்ட முப்பரிமாணப் பொருளாகவும் அமைகின்றன. இவற்றை வைத்து அறுவைச் சிகிச்சையில் புதுத் தசைநாரை எங்கே பதிப்பது, செயற்கை மூட்டை எந்தச் சாய்வில் பொருத்துவது போன்ற கேள்விகளுக்கு விடை தேடுகிறார்கள். விடை தவறானால் பாதிக்கப்படுவது உயிருள்ள ஒருவரின் கால். அதனால்தான் மாதிரி சொல்வதை மெய்யான மூட்டு ஒன்றில் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

எம்.ஆர்.ஐ. படம் வடிவத்தைக் காட்டும். ஒரு தசைநார் எந்த நீளத்தில் தொய்வு நீங்கி இறுகத் தொடங்குகிறது என்பதைக் காட்டாது. ஏ.சி.எல்.லின் நீளம் சுமார் 30 மில்லிமீட்டர். இளவயதினரின் ஏ.சி.எல். இறுகியபின் ஒரு மில்லிமீட்டர் நீள ஏறத்தாழ 240 நியூட்டன் விசை தேவை. தொய்வு நீங்கும் நீளத்தை ஒரு விழுக்காடு, அதாவது 0.3 மில்லிமீட்டர், தவறாகக் கணித்தாலே விசையில் 70 நியூட்டனுக்கு மேல் பிழை நுழைந்துவிடும். மருத்துவர் கையால் காலை இழுத்துப் பார்க்கும் விசையில் அது பாதி அளவுக்கு வரும். முழங்கால் மாதிரிகளில் தவறு எளிதாக நுழையும் இடங்களில் இந்த எண்ணும் ஒன்று. எந்தப் படமும் தராத அந்த எண்ணை இயந்திரச் சோதனையிலிருந்துதான் பெற முடியும்.

சோதனைக்கு வரும் மூட்டுகள் பெரும்பாலும் உடல் தானம் செய்தவர்களுடையவை. அவை சுமார் மைனஸ் 20 பாகை செல்சியஸில் உறையவைக்கப்பட்டு, சோதனைக்கு முன் மெல்ல இயல்பு வெப்பநிலைக்குக் கொண்டுவரப்படுகின்றன. முறையாக உறையவைத்து எடுத்த தசைநாரின் இழுவைப் பண்புகள் பெரிதாக மாறுவதில்லை என்று சோதனைகள் காட்டியுள்ளன. காய்ந்துபோவதுதான் பெரிய எதிரி. ஈரம் இழந்த தசைநார் விறைத்துவிடும். அதனால் சோதனை நடக்கும் மணிநேரங்கள் முழுவதும் மூட்டின் மேல் உப்புநீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். இடைவேளைகளில் உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றி வைப்பார்கள்.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி அறுத்து, அந்த முனைகளை உலோக உருளைகளுக்குள் நிறுத்தி, எலும்பு சிமென்டோ எபாக்சியோ ஊற்றி இறுக வைக்கிறார்கள். இந்த இடத்தில் அசட்டையாக இருந்தால் பின்னால் வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. சிமென்டுக்குள் எலும்பு அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் அது தசைநாரின் நீட்சியாகப் பதிவாகிவிடும். எலும்புகளில் சிறு குறிகளைப் பதித்து, எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். பிறகு சோதனை மேடையில் அதே குறிகளை ஒளியியல் கருவியால் தொட்டு அளக்கிறார்கள். கணினியிலுள்ள வடிவமும் மேடையிலுள்ள மூட்டும் ஒரே ஆயத்தொலைவு முறையில் பொருந்துவது இப்படித்தான்.

அந்த முறைக்கும் ஒரு பொது இலக்கணம் வேண்டியிருந்தது. மடக்கம், சாய்வு, திருகல் ஆகியவற்றை ஒவ்வோர் ஆய்வகமும் தன் விருப்பப்படி வரையறுத்தால் ஓரிடத்து அளவீட்டை மற்றோரிடத்து மாதிரியோடு ஒப்பிட முடியாது. எட்வர்ட் குரூடும் டபிள்யூ. ஜே. சன்டேயும் 1983இல் முன்வைத்த அச்சு முறை இதற்கு விடையளித்தது. மடக்கத்துக்குத் தொடை எலும்பில் நிலைத்த ஓர் அச்சு, திருகலுக்குக் கீழ்க்கால் எலும்பில் நிலைத்த ஓர் அச்சு, இரண்டுக்கும் செங்குத்தாக மிதக்கும் மூன்றாவது அச்சில் பக்கச் சாய்வு. மருத்துவர் பேசும் மொழியும் பொறியாளர் எழுதும் சமன்பாடும் இதில் ஒத்துப்போவதால் இன்றும் இதுவே வழக்கில் இருக்கிறது. என்றாலும் அச்சைச் சில பாகை தவறாக வரைந்தால், மடக்கத்தின் ஒரு பகுதி திருகலாகவும் சாய்வாகவும் கசிந்து தெரியும். மாதிரிக்கும் சோதனைக்கும் வேறுபாடு தென்பட்டால் அனுபவசாலிகள் முதலில் சந்தேகிப்பது அச்சுகளைத்தான்.

சோதனைகளில் அடிப்படையானது தளர்வுச் சோதனை. மூட்டைக் குறிப்பிட்ட மடக்கத்தில் நிறுத்தி, அறிந்த விசையைக் கொடுத்து, எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது. கீழ்க்காலை முன்னால் இழுக்கப் பல ஆய்வகங்கள் 134 நியூட்டன் விசையைப் பயன்படுத்துகின்றன. 30 பவுண்டு இழுவைக்கு நிகரான அந்த அளவு, மருத்துவமனைகளில் முழங்கால் தளர்வை அளக்கும் கருவியிலிருந்து வந்தது. இதேபோல் உள்ளும் வெளியும் திருகியும், பக்கவாட்டில் வளைத்தும் மூட்டு சோதிக்கப்படுகிறது. தசைநாரின் நடத்தை நேரத்தையும் பொறுத்தது; முதல் இழுப்புக்கும் பத்தாவது இழுப்புக்கும் வேறுபாடு இருக்கும். எனவே ஒவ்வொரு சோதனைக்கும் முன் சில சுற்றுகள் இழுத்துப் பழக்கி, விடைகள் ஒரே சீராக வந்தபின்தான் அளவெடுக்கத் தொடங்குகிறார்கள்.

தளர்வை அளப்பதோடு நின்றால் மொத்த மூட்டின் நடத்தைதான் கிடைக்கும். எந்தத் தசைநார் எவ்வளவு தாங்கியது என்பது தெரியாது. இதற்கு வழி கண்டது சின்சினாட்டியில் டேவிட் பட்லர், ஃபிராங்க் நோயஸ், குரூட் மூவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு. அதுவரை ஒரு தசைநாரை வெட்டி, அதே விசையை மறுபடி கொடுத்து, தளர்வு எவ்வளவு கூடியது என்று பார்ப்பதே வழக்கம். அதில் வெட்டும் வரிசையை மாற்றினால் விடையும் மாறியது. அவர்கள் விசையை விட்டுவிட்டு நகர்ச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். கீழ்க்காலை அதே தூரம் நகர்த்தி, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று பார்த்தார்கள். குறைந்துபோன விசை வெட்டப்பட்ட தசைநார் சுமந்தது. எந்த வரிசையில் வெட்டினாலும் விடை ஒன்றே. முன்னோக்கிய இழுப்பை எதிர்ப்பதில் ஏறத்தாழ 86 விழுக்காடு ஏ.சி.எல்.லின் பங்கு, பின்னோக்கித் தள்ளுவதை எதிர்ப்பதில் ஏறத்தாழ 95 விழுக்காடு பின்சிலுவைத் தசைநாரின் பங்கு என்று தெரியவந்தது.

ஒரே திசையில் இழுக்கும் இயந்திரத்தில் பிறந்த இந்த எண்ணத்தை ஆறு அசைவுகளுக்கும் விரித்தது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சாவியோ வூவின் குழு. 1990களின் தொடக்கத்தில் அவர்கள் தொழிற்சாலை ரோபோக் கை ஒன்றைச் சோதனை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். தொடை எலும்பு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். கீழ்க்கால் எலும்பை ரோபோக் கை பிடித்திருக்கும். இடையில் மூன்று திசை விசைகளையும் மூன்று திருகு விசைகளையும் ஒரே நேரத்தில் உணரும் உணரி.

ரோபோ முதலில் மூட்டின் இயல்பான பாதையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. ஒரு பாகை மடக்கி, மற்ற ஐந்து அசைவுகளிலும் விசை ஏறத்தாழச் சுழியாகும்வரை நிலையைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டு, பிறகு அடுத்த பாகைக்குப் போகிறது. மனிதக் கை நீட்டி மடக்கிப் பார்க்கும்போது மூட்டு தானே தேர்ந்துகொள்ளும் பாதையை இயந்திரம் இப்படித் தடவித் தடவிக் கற்கிறது. பிறகு அந்தப் பாதையில் ஒரு புள்ளியில் நின்று, கீழ்க்காலை 110 நியூட்டனோ 134 நியூட்டனோ முன்னால் இழுக்கிறது. அப்போது மூட்டு போய்ச் சேர்ந்த நிலை ஆறு எண்களாக நினைவில் பதிகிறது.

அடுத்து ஏ.சி.எல். வெட்டப்படுகிறது. மூட்டு பிடியிலிருந்து கழற்றப்படுவதில்லை. ரோபோ அதே ஆறு எண்களுக்கு, அதே வழியில் மறுபடி போகிறது. எலும்புகள் இருக்குமிடம் மாறவில்லை; மீதமுள்ள தசைநார்களின் நீளமும் மாறவில்லை; எனவே அவற்றின் விசையும் மாறியிருக்க முடியாது. உணரி காட்டும் இரண்டு அளவுகளின் வேறுபாடே ஏ.சி.எல். தாங்கிய விசை. தசைநாரின் மேல் எந்தக் கருவியையும் ஒட்டாமல், ஊசி குத்தாமல் கிடைத்த விடை இது. 15 பாகை மடக்கத்தில் 110 நியூட்டன் இழுப்பு முழுவதையும் சராசரியாக ஏ.சி.எல்.லே தாங்குகிறது, மடக்கம் கூடக்கூட அதன் பங்கு குறைகிறது என்று இந்த முறையில் காட்டினார்கள். முழங்கால் ஆராய்ச்சியில் இத்தனை எளிமையும் துணிச்சலும் ஒன்றுசேர்ந்த சோதனைகள் அரிது.

இந்தத் தர்க்கம் சில எடுகோள்களின் மேல் நிற்கிறது. எலும்பு வளையக் கூடாது. வெட்டப்பட்ட தசைநார் பக்கத்திலுள்ளதோடு உரசியோ பின்னியோ இருக்கக் கூடாது. ரோபோ பழைய இடத்துக்குத் துல்லியமாகத் திரும்ப வேண்டும். கடைசி நிபந்தனையின் அருமை மேலே சொன்ன 240 நியூட்டன் கணக்கிலிருந்து விளங்கும்: அரை மில்லிமீட்டர் தவறினால் 120 நியூட்டன் பிழை. ரோபோக் கையே சுமையில் சற்று வளையும் என்பதால் அந்த வளைவையும் அளந்து கழிக்க வேண்டியிருக்கிறது.

தசைநாரை அறுந்துபோகும்வரை இழுக்கும் சோதனை இன்னொரு வகை. வூவின் குழு 1991இல் வெளியிட்ட முடிவில், 22 முதல் 35 வயதினரின் ஏ.சி.எல். சராசரியாக 2,160 நியூட்டனில் அறுந்தது. 60 வயதைக் கடந்தவர்களுடையது 658 நியூட்டனில். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தானமாகக் கிடைக்கும் மூட்டுகளில் பெரும்பாலானவை முதியவர்களுடையவை; ஏ.சி.எல். கிழிந்து மருத்துவரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். முதிய மூட்டில் சரிபார்த்த மாதிரியை இளம் விளையாட்டு வீரரின் காலுக்குப் பயன்படுத்துவோர் இந்த இடைவெளியை மறந்துவிடக் கூடாது.

ரோபோச் சோதனையில் தசைகளுக்குப் பெரிதாக இடமில்லை. அந்தக் குறையை நிரப்ப ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது வேறொரு மேடை. இடுப்புக்கும் கணுக்காலுக்கும் பதிலாக உலோக இணைப்புகள். இரண்டுக்கும் நடுவில் மடங்கிய முழங்கால். தொடையின் முன்தசை நாணைக் கவ்வி ஒரு மோட்டார் இழுக்க, கால் உட்கார்ந்து எழுவதுபோல் மடங்கி நிமிர்கிறது. மேடையின் இணைப்புகள் ஆறு அசைவுகளையும் தடுக்காமல் விட்டிருப்பதால் மூட்டு தன் பாதையைத் தானே தேர்கிறது. முழங்கால் சில்லு எப்படி வழுக்கிச் செல்கிறது, செயற்கை மூட்டு பொருத்தியபின் அந்தப் பாதை எப்படி மாறுகிறது என்பவற்றை அறிய இது ஏற்றது. ஆனால் உயிருள்ள காலில் முன்தசையும் பின்தசையும் சேர்ந்து இழுக்கும் விதத்தை ஒரு மோட்டாரால் முழுவதும் காட்டிவிட முடியாது.

எலும்பு முனைகள் ஒன்றையொன்று அழுத்தும் பரப்பை அளக்கத் தாள்போல் மெல்லிய உணரியை மெனிஸ்கஸுக்குக் கீழே செருகுகிறார்கள். முன்பு அழுத்தத்துக்கேற்ப நிறம் மாறும் படலம் பயன்பட்டது. இப்போது மின் உணரிகள் அழுத்தம் மாறுவதை நொடிக்கு நொடி படமாகவே தருகின்றன. மெனிஸ்கஸ்களை அகற்றினால் தொடும் பரப்பு ஏறத்தாழப் பாதியாகி, உச்ச அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுகுபயாஷியும் குரோசாவாவும் 1980இல் காட்டினார்கள். கிழிந்த மெனிஸ்கஸை முழுவதும் எடுத்துவிடுவது சாதாரணமாக இருந்த காலம் அது. இன்று ஒரு மாதிரியில் மெனிஸ்கஸை நீக்கி ஓட்டிப் பார்த்து இதே மாற்றம் வருகிறதா என்று கவனிப்பது எளிய, பயனுள்ள சரிபார்ப்பு.

இத்தனை அளவீடுகளையும் மாதிரியோடு எப்படிப் பொருத்துவது என்பதில்தான் நேர்மை சோதிக்கப்படுகிறது. இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தசைநார்களின் தொய்வு நீளத்தையும் விறைப்பையும் மாற்றி மாற்றி, மாதிரியின் தளர்வு சோதனையின் தளர்வோடு ஒத்துவரும்வரை திருத்துவது அளவுத்திருத்தம். திருத்தி முடித்த எண்களைத் தொடாமல், திருத்தத்தில் பயன்படுத்தாத வேறொரு சோதனையின் முடிவை மாதிரி முன்கூட்டியே சொல்கிறதா என்று பார்ப்பது சரிபார்ப்பு. முன்னிழுப்பிலும் திருகலிலும் திருத்திய மாதிரி, பக்க வளைவோடு திருகலும் சேர்ந்த சுமையில் மூட்டு எங்கே போகும் என்று சரியாகச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. திருத்தப் பயன்பட்ட அதே அளவீட்டோடு அழகாகப் பொருந்தும் வரைபடத்தை ஆதாரமாகக் காட்டும் கட்டுரைகள் குறைவில்லை; அந்தப் பொருத்தம் மாதிரியைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. ஐந்தாறு தசைநார்களுக்கு இரண்டிரண்டு எண்களைத் திருத்த இடம் கொடுத்தால் தவறான மாதிரியும் ஒரு வளைகோட்டைப் பின்தொடர்ந்துவிடும்.

திருத்துபவரின் கைவண்ணமும் விடையை மாற்றுகிறது. கிளீவ்லாந்து கிளினிக்கில் அகமெட் எர்டெமிரின் குழு, குறிப்பிட்ட மூட்டுகளின் எம்.ஆர்.ஐ. படங்களையும் ரோபோ அளவீடுகளையும் அவற்றிலிருந்து கட்டிய மாதிரிகளையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைத்தது. அதன் தொடர்ச்சியாக, ஐந்து ஆய்வுக் குழுக்களிடம் ஒரே தரவுகளைக் கொடுத்து, தனித்தனியாக மாதிரி கட்டச் சொன்ன கூட்டுத் திட்டமும் நடந்தது. எந்தத் தசைநாரை எத்தனை இழைகளாகப் பிரிப்பது, குருத்தெலும்பை எப்படிக் கணக்கிடுவது, எந்தச் சோதனையை வைத்துத் திருத்துவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் குழுக்கள் வெவ்வேறு முடிவெடுத்தன. தரவு ஒன்றே ஆனாலும் மாதிரி ஒன்றாகவில்லை.

இறந்த மூட்டில் நடக்கும் சோதனைகள் உயிருள்ள காலின் தசைவிசையைச் சொல்லாது. அந்த இடத்தை நிரப்பியவர்கள் செயற்கை மூட்டு பொருத்திக்கொண்ட சில நோயாளிகள். அவர்களுக்கு வைத்த உலோக மூட்டுக்குள்ளேயே விசை உணரியும் கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் கருவியும் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் மருத்துவமனையில் டாரில் டிலிமாவின் குழு 2004இல் அத்தகைய மூட்டைப் பொருத்தியது. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் கெயார்க் பெர்க்மனின் குழு ஐந்து பேரிடம் அளந்த சராசரிகளை 2010இல் வெளியிட்டது. நடக்கும்போது உச்ச விசை உடல் எடையின் 261 விழுக்காடு, மாடிப்படி ஏறும்போது 316, இறங்கும்போது 346. எழுபது கிலோ எடையுள்ளவர் படியிறங்கும்போது ஒரு முழங்காலில் ஏறத்தாழ 240 கிலோ எடைக்கு நிகரான விசை இறங்குகிறது. இரண்டு கால்களிலும் சும்மா நிற்கும்போதுகூட ஒரு முழங்காலுக்கு 107 விழுக்காடு. எடை இரண்டு கால்களுக்கும் பங்கிடப்பட்டும் இவ்வளவு வருவதற்குத் தசைகளின் இறுக்கமே காரணம். மோரிசன் 1970இல் போட்ட கணக்கு உண்மையிலிருந்து அதிகம் விலகவில்லை என்பது நாற்பது ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

ஃப்ளோரிடாவின் பெஞ்சமின் ஃப்ரெக்லியும் சக ஆய்வாளர்களும் இந்த வாய்ப்பை 2010 முதல் ஒரு போட்டியாகவே நடத்தினார்கள். நோயாளியின் நடை, தரைவிசை, தசை மின்சமிக்ஞை, எலும்பு வடிவம் எல்லாம் போட்டியாளர்களுக்குத் தரப்படும். மூட்டுக்குள் அளந்த விசை மட்டும் மறைத்து வைக்கப்படும். கணிப்பை ஒப்படைத்தபின்தான் உண்மை எண் வெளியாகும். பிறகு அதைப் பார்த்து மாதிரியைத் திருத்தி மறுபடி அனுப்பலாம். கண்கட்டிச் சொன்ன விடையும் பார்த்துத் திருத்திய விடையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டதே போட்டியின் பெரிய கொடை. அளவுத்திருத்தத்தையும் சரிபார்ப்பையும் குழப்பிக்கொள்ள அங்கே இடமில்லை.

எந்த அளவு துல்லியம் போதும் என்பது மாதிரியிடம் என்ன கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் மருத்துவக் கருவிகளுக்கான கணினி மாதிரிகள் குறித்து 2018இல் வெளியிட்ட வி-வி 40 தரநிலை, மாதிரியின் முடிவு தவறானால் நோயாளிக்கு நேரும் ஆபத்து எவ்வளவு பெரிதோ அதற்கேற்ற அளவில் சரிபார்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. செயற்கை மூட்டின் தேய்மானத்துக்குச் சோதனை முறையே வேறு. ஐ.எஸ்.ஓ. 14243 தரநிலைப்படி, மாட்டுச் சீரம் கலந்த திரவத்தில் மூழ்கிய மூட்டு நொடிக்கு ஏறத்தாழ ஒரு நடை வீதம் 50 லட்சம் சுற்றுகள் இயங்கும். தளர்வில் சரிபார்த்த மாதிரி தேய்மானத்தைச் சரியாகச் சொல்லும் என்று கொள்ள முடியாது. அதற்குத் தேய்மான இயந்திரத்தின் அளவீடுதான் சாட்சி.

உணரி பொருத்திய மூட்டுகள் தரும் எண்களுக்கும் ஓர் எல்லை உண்டு. அவற்றில் இருப்பது உலோகமும் பாலித்தீனும், ஏ.சி.எல். பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும், அளக்கப்பட்டவர்கள் மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகிச்சை பெற்றவர்கள். இயற்கையான முழங்காலில் எலும்புகளின் அசைவை இரு திசை எக்ஸ்ரே காணொளியால் நுட்பமாக அளக்க முடிகிறது. தொடுவிசையைப் பொறுத்தவரை, தானமாக வந்த மூட்டில் திருத்தப்பட்ட தசைநார்களையும், செயற்கை மூட்டுக்காரர்களிடம் சோதிக்கப்பட்ட தசைக் கணக்கையும் ஒன்றாகப் பிணைத்துத்தான் இன்றைய மாதிரிகள் விடை சொல்கின்றன.